நான்கு போஸ்ட் கார்டு மேல் ஓடும் கார்!

குழந்தைகளே! நோட்டு அட்டையில் ஸ்போர்ட்ஸ் கார் படம் ஒட்டி வைத்திருப்பவர்கள் உங்களில் எத்தனை பேர்? பளபளக்கும் சிவப்பு நிறம், தரையோடு தரையாகப் பதுங்கிய உருவம், முதுகில் சிறகு போல ஒரு தகடு... பார்த்தாலே ஆசையாக இருக்கும்.

சரி, மூன்று கேள்விகள் கேட்கிறேன். அந்தக் காரை வேகமாக ஓட வைப்பது எது? 'இன்ஜின்' என்பீர்கள். பாதி மார்க். வளைவில் திருப்புவது எது? 'ஸ்டியரிங்'. அதற்கும் பாதி மார்க்தான். நிறுத்துவது? 'பிரேக்!' ஊஹூம், பாதி மார்க்குக்கு மேல் தரமாட்டேன்.

மீதிப் பாதி மூன்றிலுமே டயருக்குப் போகிறது. இன்ஜின் சக்கரத்தைச் சுழற்றலாம். பிரேக் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தலாம். ஆனால், தரையைத் தொடுவது டயர் மட்டும்தானே? அது தரையைப் பிடிக்கவில்லை என்றால், சக்கரம் நின்றாலும் கார் நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். மழை நாளில் சைக்கிள் பிரேக்கை அழுத்திப் பிடித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அப்படித் தரையைத் தொடும் இடம் எவ்வளவு பெரிது? பேனாவை எடுங்கள், கணக்குப் போடுவோம். ஒரு காரின் எடை 1,260 கிலோ என்று வையுங்கள். நான்கு டயரும் சமமாகச் சுமந்தால், ஒரு டயருக்கு 315 கிலோ. பெட்ரோல் பங்க்கில் அப்பா 'முப்பது வைங்க' என்று காற்றுப் பிடிக்கிறார் அல்லவா? அந்த 30 என்பது ஒரு சதுர சென்டி மீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ அழுத்தம். 315ஐ 2.1ஆல் வகுத்தால் 150 சதுர செ.மீ. அதாவது, 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். தபால் ஆபீஸில் விற்கும் போஸ்ட் கார்டு 14 செ.மீ.க்கு 9 செ.மீ. அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது!

துல்லியமாகப் பார்த்தால் சற்றுக் கூடும், குறையும். ஆனால், விஷயம் இதுதான். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் பறக்கிற காரும், உள்ளே இருப்பவர்களின் உயிரும், ஏறக்குறைய நான்கு போஸ்ட் கார்டு அளவு ரப்பரை நம்பித்தான் போகின்றன. அதனால்தான் ஸ்போர்ட்ஸ் கார் செய்பவர்களும் ஓட்டுபவர்களும் டயரைத் தேர்ந்தெடுக்க அவ்வளவு யோசிக்கிறார்கள்.

மெது ரப்பரா, கெட்டி ரப்பரா?

உங்கள் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் அழி ரப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவான ரப்பர் சுத்தமாக அழிக்கும். ஆனால், துகள் துகளாக உதிர்ந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். கெட்டியான ரப்பர் வருஷக்கணக்கில் வரும். அழிக்கும்போதோ காகிதத்தில் கறுப்பாக இழுவும். இரண்டும் சேர்ந்து வராது.

டயரிலும் இதே சங்கடம்தான். தார்ச் சாலையைக் கண்ணை அருகில் வைத்துப் பாருங்கள். சின்னச் சின்ன மேடும் பள்ளமுமாக இருக்கும். மெதுவான ரப்பர் அந்தப் பள்ளங்களுக்குள் அமுங்கிச் சாலையைக் கவ்விக்கொள்ளும். கெட்டி ரப்பர் மேடுகளின் மீது மட்டும் உட்கார்ந்து போகும். டாக்சி ஓட்டுபவருக்கு, பல ஆயிரம் கி.மீ. தேயாமல் உழைக்கிற கெட்டி டயர்தான் லாபம். ஸ்போர்ட்ஸ் கார்காரருக்கோ பிடிமானம் முக்கியம். சீக்கிரம் தேய்ந்தாலும் பரவாயில்லை. சில டயர்களின் பக்கவாட்டில் 'டிரெட்வேர்' என்று போட்டு ஓர் எண் இருக்கும். எண் பெரிதாக இருந்தால் மெதுவாகத் தேயும். சிறிதாக இருந்தால் சீக்கிரம் தேயும். சாதாரணக் கார் டயர்களில் 400, 500 என்று பார்க்கலாம். பந்தயத் தடத்திலும் ஓட்டுவதற்கென்று விற்கப்படும் டயர்களில் 200, அதற்கும் கீழே.

அடுத்தது, டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்கள். 'பள்ளம் நிறைய இருந்தால் பிடிமானம் அதிகம்' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காய்ந்த தார்ச் சாலையில் உண்மை நேர்மாறானது! பள்ளம் இருக்கும் இடத்தில் ரப்பர் இல்லை. ரப்பர் இல்லாத இடம் சாலையைத் தொடாது. அதனால்தான் பந்தயக் கார்களுக்கு, வெயில் நேரத்தில், கோடே இல்லாத மொழுமொழு டயரை மாட்டுகிறார்கள்.

பின்னே பள்ளம் எதற்கு? தண்ணீருக்கு! மழையில் ஓடும்போது டயருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. அது வெளியேற வழி இல்லாவிட்டால், கார் தண்ணீர்ப் படலத்தின் மீது படகு போல மிதக்கத் தொடங்கிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. அந்தத் தண்ணீரை வாரி வெளியே தள்ளும் வாய்க்கால்கள்தான் பள்ளங்கள். பார்முலா 1 பந்தயத்தில் கனமழைக்கென்று ஒரு டயர் இருக்கிறது. 300 கி.மீ. வேகத்தில் அந்த ஒரே ஒரு டயர், ஒரு விநாடிக்கு 85 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும் என்று அதைச் செய்கிற இத்தாலியின் பைரெல்லி நிறுவனம் சொல்கிறது. நம் வீட்டுக் குடத்தில் ஐந்தாறு குடம், ஒரே விநாடியில்!

ஒரு விஷயம். மேலே சொன்ன மொழுமொழு டயர் அதற்கென்றே செய்யப்பட்ட பந்தய டயர். தெருவில் ஓடி ஓடித் தேய்ந்து மொட்டையான டயர் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'மொட்டை டயர்தான் நல்லது' என்று வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்! பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் கீழே போனால் டயரை மாற்றியாக வேண்டும்.

டயர் மேலே எழுதியிருக்கு!

இப்போது எழுந்து போய், வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டர் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் எழுத்துகள் புடைத்துக்கொண்டிருக்கும். பல ஸ்கூட்டர்களில் 90/100 - 10, பக்கத்தில் 53 ஜே என்று இருக்கும். 90 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 100 என்பது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. இங்கே நூற்றுக்கு நூறு. ஆகவே உயரமும் 90 மி.மீ. கடைசியில் உள்ள 10, உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தின் விட்டம், அங்குலத்தில். (ஒரே வரியில் மில்லி மீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றும்! கணக்கு வாத்தியாருக்கு இப்படி எழுதிக் கொடுத்தால் நோட்டைத் தூக்கி எறிந்துவிடுவார். ஆனால், உலகம் முழுக்க இதுதான் வழக்கம்.) 53 என்பது அந்த டயர் 206 கிலோ வரை தாங்கும் என்பதற்கான அடையாள எண். 'ஜே' என்றால் மணிக்கு 100 கி.மீ. வரை போகலாம்.

கார்களுக்கு இதைவிடப் பெரிய எழுத்துகள். 'டி' என்றால் 190 கி.மீ., 'எச்' என்றால் 210, 'வி' 240, 'டபிள்யூ' 270, 'ஒய்' 300. ஆங்கில எழுத்து வரிசையில் முன்னால் வர வேண்டிய 'எச்', 'டி'க்கும் 'வி'க்கும் நடுவே எப்படி வந்து உட்கார்ந்தது பார்த்தீர்களா? வரிசையில் நிற்காத பையன் மாதிரி!

இனி ஸ்போர்ட்ஸ் காருக்கு வருவோம். ஜெர்மனியின் போர்ஷே 911 காரை எடுத்துக்கொள்ளுங்கள். 2019ல் அறிமுகமான 'கரேரா' ரகத்தில் முன் டயர் 235/40, வளையம் 19 அங்குலம். பின் டயரோ 295/35, வளையம் 20 அங்குலம். முன்னும் பின்னும் வேறு வேறு! ஏன்? இந்தக் காரில் இன்ஜின் இருப்பது பின்னால், பின் சக்கரங்களுக்கும் பின்னே. எடை அதிகம் அங்கேதான். காரைத் தள்ளுவதும் பின் சக்கரங்கள்தான். அதனால் பின்னால் அகலமான டயர்.

பக்கச் சுவரைக் கவனியுங்கள். ஸ்கூட்டரில் நூறு சதவீதம். இதில் வெறும் 40, 35. ஒல்லியான உயரமான ஸ்டூலைப் பக்கவாட்டில் தள்ளினால் ஆடும். குட்டையான முக்காலி ஆடாது. அதேபோல, குட்டைச் சுவர் டயர் வேகமான வளைவில் ஒடுங்கி நெளியாது. திருப்பியதும் கார் திரும்பும். ஆனால் குண்டும் குழியுமான சாலையில் ஓட்டினால்? இடுப்பு எலும்பு எண்ணிக்கை சொல்லும்! வளையமும் அடிபட்டு நெளியலாம். பார்க்க அழகாக இருக்கிறதே என்று சாதாரணக் காருக்கு இந்த மாதிரி டயர் மாட்டுபவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

ஜெர்மனியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கோடைக்கு ஒரு ஜோடனை, குளிர்காலத்துக்கு ஒரு ஜோடனை என்று பலரும் இரண்டு செட் டயர் வைத்திருப்பார்கள். கோடை டயரின் ரப்பர், சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே விறைத்துப் போகும், பனியில் பிடிக்காது. எனவே குளிர்காலத்துக்கு வேறு கலவையில் செய்த மெதுவான டயர். சாலையில் பனியோ, உறைபனியோ இருக்கும்போது அப்படிப்பட்ட டயர் இல்லாமல் ஓட்டுவது அங்கே சட்டப்படி குற்றம். மாற்றிய செட்டை எங்கே வைப்பது? அதற்கென்று கிடங்குகள் இருக்கின்றன. அவற்றின் செல்லப் பெயர், 'டயர் ஹோட்டல்'! ஆறு மாதம் டயர் அங்கே தங்கிவிட்டு வரும்.

ஆக, எல்லா இடத்துக்கும் பொருந்துகிற சிறந்த டயர் என்று ஒன்று கிடையாது. எந்தச் சாலை, என்ன வெயில், எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்று கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் ஒரே ஒரு கேள்விக்கு விடை தவறினால் என்ன ஆகும்? உலகமே பார்க்க ஒருமுறை அது நடந்தது. அந்தக் கதையில் நம்ம ஊர்க்காரர் ஒருவரும் வருகிறார்.

பதின்மூன்றாம் வளைவு

2005ம் ஆண்டு பார்முலா 1 பந்தயத்தில் ஒரு புது விதி. ஒரு பந்தயத்தை ஒரே செட் டயரில் ஓட்டி முடிக்க வேண்டும். பஞ்சரானாலோ, சேதமானாலோ தவிர, நடுவில் மாற்றக் கூடாது. அதாவது 300 கி.மீ. தூரத்தையும் தாங்க வேண்டும், வேகமாகவும் இருக்க வேண்டும். மெது ரப்பரும் கெட்டி ரப்பரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது போல!

அந்த ஆண்டு மே மாதம் ஜெர்மனியின் நர்பர்க்ரிங் தடத்தில், பின்லாந்து வீரர் கிமி ராய்க்கோனன் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தார். நடுவே ஒருமுறை பிரேக் அழுத்தியபோது முன் சக்கரம் சுழலாமல் இழுபட்டு, டயரின் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிட்டது. மாற்றினால் தோல்வி, மாற்றாவிட்டால் ஆபத்து. குழு மாற்றவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கார் தடதடவென்று அதிர்ந்தது. கடைசிச் சுற்றில் சக்கரத்தைத் தாங்கும் தண்டே முறிந்து, கார் தடத்தைவிட்டு வெளியே பாய்ந்தது. நல்ல வேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்று வாரம் கழித்து, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் அடுத்தடுத்த பந்தயங்களில் ஒன்று. அப்போது டயர் கொடுத்தவை இரண்டு நிறுவனங்கள். ஏழு குழுக்களுக்கு பிரான்சின் மிச்செலின்; மூன்று குழுக்களுக்கு ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன். அந்த ஆண்டு நடந்த 19 பந்தயங்களில் 18ல் வென்றது மிச்செலின் டயர் மாட்டிய கார்கள்தான். அப்படிப்பட்ட நல்ல டயர் அது!

ஆனால், இண்டியானாபோலிஸ் தடத்தில் மற்ற தடங்களில் இல்லாத ஒன்று இருந்தது. 13ம் வளைவு. திருவிழாவில் மரணக்கிணறு பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிள் சுவரில் ஏறிச் சுற்றும். அந்த அளவுக்கு இல்லை என்றாலும், இந்த வளைவும் ஒரு பக்கம் உயர்த்திச் சரிவாகக் கட்டப்பட்டது. சாய்வு 9 டிகிரிக்குச் சற்று மேல். அதனால் வேகத்தைக் குறைக்காமல், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடியே திரும்பலாம். வெளிப்பக்கம் நெருக்கமாகச் சுவர்.

தண்ணீர் வாளியைக் கையில் பிடித்து வேகமாகச் சுற்றினால், தண்ணீர் கொட்டாமல் வாளியின் அடியில் அழுந்தி நிற்கும் அல்லவா? அதேபோல அந்தச் சரிவில் கார் தரையோடு அழுத்தப்படும். வலது பக்கம் திரும்பும் வளைவு என்பதால், பெரும்பாரம் இடது டயர்கள் மீது. நசுங்கி நசுங்கி விரிகிற டயர் சூடாகும். அதோடு, அந்த ஆண்டு பந்தயத்துக்கு முன்னால் தடத்தில் புதிதாகத் தார் போட்டு, மேற்பரப்பில் நுண்ணிய கோடுகளும் அறுத்திருந்தார்கள். பிரிட்ஜ்ஸ்டோனின் அமெரிக்கக் கிளை நிறுவனமான பயர்ஸ்டோன், அதே தடத்தில் நடக்கும் வேறு பந்தயங்களுக்குப் பல ஆண்டுகளாக டயர் கொடுத்து வந்தது. அந்தத் தரையின் குணம் அவர்களுக்குத் தெரியும். மிச்செலினுக்கு அந்த அனுபவம் இல்லை.

ஜூன் 17, வெள்ளிக்கிழமை. பயிற்சி ஓட்டம். டொயோட்டா குழுவின் ரால்ப் ஷூமாக்கர் (புகழ்பெற்ற மைக்கேல் ஷூமாக்கரின் தம்பி) 13ம் வளைவில் போகும்போது இடது பின் டயர் பிய்ந்து, கார் சுவரில் மோதியது. முந்தைய ஆண்டும் அதே வளைவில், டயர் பழுதாகி, அதே சுவரில் மோதியவர் அவர்! அப்போது முதுகெலும்பில் விரிசல் ஏற்பட்டு ஆறு பந்தயங்களில் கலந்துகொள்ள முடியாமல் போனது. இந்த முறை உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனாலும் பந்தயத்தில் ஓட்டவில்லை.

மிச்செலின் பொறியாளர்கள் மற்ற கார்களின் டயர்களைக் கழற்றிச் சோதித்தார்கள். பிரான்சில் இருந்து வேறு டயர்களை விமானத்தில் வரவழைத்தார்கள். அவற்றின் மீதும் நம்பிக்கை வரவில்லை. கடைசியில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். 'அந்த வளைவில் வேகத்தைக் குறைக்காவிட்டால், எங்கள் டயர் பத்துச் சுற்றுக்கு மேல் தாங்கும் என்று உறுதி கூற முடியாது.' பந்தயமோ 73 சுற்று!

வளைவுக்கு முன்னால் தடுப்புகள் வைத்துத் தடத்தை நெளித்தால் வேகம் குறையும் என்று யோசனை சொன்னார்கள். பந்தயத்தை நடத்தும் சர்வதேச அமைப்பு மறுத்துவிட்டது. 'சரியான டயரோடு வந்தவர்களுக்கு அது அநியாயம். சோதித்துப் பார்க்காத தடத்தில் ஓட்டுவதும் ஆபத்து. மெதுவாகப் போய்க்கொள்ளுங்கள்' என்றது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், பந்தயத்தில் ஒரு வளைவில் மட்டும் 14 பேர் மெதுவாகவும் ஆறு பேர் வேகமாகவும் போனால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பின்னால் இருந்து வந்து மோத மாட்டார்களா?

ஞாயிற்றுக்கிழமை, ஜூன் 19. அரங்கத்தில் பெரும் கூட்டம். பந்தயத்துக்கு முந்தைய ஒரு சுற்றை 20 கார்களும் ஓட்டின. சுற்று முடியும் இடத்தில், மிச்செலின் டயர் மாட்டிய 14 கார்களும், ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பித் தங்கள் கூடாரத்துக்குள் போய்விட்டன. தொடக்கக் கோட்டில் நின்றவை ஆறே ஆறு!

ஜனங்களுக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா? கூச்சல் போட்டார்கள். தண்ணீர் பாட்டில்கள் தடத்தில் வந்து விழுந்தன. எத்தனையோ ஊர்களில் இருந்து பணம் செலவழித்து வந்தவர்கள். அவர்கள் கோபத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் என் மனம் அந்த 14 ஓட்டுநர்கள் பக்கம்தான். உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'என் டயர் தாங்காது, நான் ஓட்ட மாட்டேன்' என்று திரும்பிப் போவதற்கு, ஓட்டுவதைவிட அதிகத் தைரியம் வேண்டும்.

மிச்சம் இருந்த ஆறு கார்களில் இரண்டு பெராரி. மைக்கேல் ஷூமாக்கர் முதலிடம், அவரது குழுவைச் சேர்ந்த பேரிச்செல்லோ இரண்டாமிடம். பரிசு மேடையில் இருவர் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை. மூன்றாவதாக வந்த போர்ச்சுகல் வீரர் மொன்டெய்ரோ மட்டும், வாழ்க்கையில் முதல்முறை மேடை ஏறிய சந்தோஷத்தில் தனியாக நின்று கொண்டாடினார். நான்காவதாக வந்தவர் யார் தெரியுமா? மொன்டெய்ரோவின் ஜோர்டான் குழுவைச் சேர்ந்த, நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன்! இந்தியாவின் முதல் பார்முலா 1 ஓட்டுநர். அவருடைய காரில் இருந்தது பிரிட்ஜ்ஸ்டோன் டயர்.

பந்தயம் பார்க்க வந்தவர்களுக்கு டிக்கெட் பணத்தை மிச்செலின் திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு 20 ஆயிரம் டிக்கெட்டுகளைத் தானே வாங்கி, முந்தைய ஆண்டு ஏமாந்தவர்களுக்கு இலவசமாக வழங்கியது. பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக் கூடாது என்ற விதி 2006லேயே கைவிடப்பட்டது. அந்த ஆண்டோடு மிச்செலினும் பார்முலா 1ஐ விட்டு விலகியது. இண்டியானாபோலிஸ் தடத்தில் 2007க்குப் பிறகு பார்முலா 1 பந்தயம் நடக்கவில்லை.

இப்போது எல்லாக் குழுக்களுக்கும் பைரெல்லி டயர்தான். வெள்ளைக் கோடு போட்டது கெட்டி ரப்பர், மஞ்சள் நடுத்தரம், சிவப்பு மெது ரப்பர். பச்சை லேசான மழைக்கு, நீலம் கனமழைக்கு. மழை பெய்யாத பந்தயத்தில் வெள்ளை, மஞ்சள், சிவப்பில் குறைந்தது இரண்டு வகையாவது மாட்டியே ஆக வேண்டும். டி.வி.யில் பார்க்கும்போது காரை விட்டுவிட்டுச் சக்கரத்தின் நிறத்தைக் கவனியுங்கள். எந்த ஓட்டுநர் எப்போது உள்ளே போய் மாற்றப் போகிறார் என்று நீங்களே ஊகிக்கலாம்.

நான்காம் இடத்துக்காக அன்று நரேனுக்குக் கிடைத்தது 5 புள்ளிகள். அதன் பிறகு 2011, 2012ம் ஆண்டுகளிலும் அவர் பார்முலா 1ல் ஓட்டினார். புள்ளிப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இன்றைக்கும் இருப்பது அந்த ஐந்துதான்.